சகலை கையில் என் பட்டை

இடுப்பு விட்டுப்போயிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் கண் இருட்டியது. காலையிலிருந்து மீன் பெட்டி இறக்கிய இடுப்பு. இனி நான் சொல்வதை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு நடந்தது, அவ்வளவுதான்.

குளிர்கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே இருட்டுதான். வாயைத் திறந்தால் புகை வரும். உள்ளே நுழையும்போதே மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்டிவிடுவார்கள். நம் நடை, நாடித்துடிப்பு எல்லாம் மேஸ்திரியின் திரையில் ஓடும். சும்மா நின்றால் பட்டை அதிரும். அப்படியும் நகராவிட்டால் ஓர் எச்சரிக்கை. மூன்றானால் சீட்டு கிழியும். எனக்கு ஏற்கெனவே இரண்டு.

"நான் எங்க இருக்கேன்னு என் பொண்டாட்டிக்கே தெரியாது. இந்த வாருக்குத் தெரியுது பாரு," என்பான் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒருவனுக்கு முடியாவிட்டால் மற்றவன் இரண்டு பட்டையையும் மாட்டிக்கொண்டு நடப்பான்.

"கழட்டிக் குடு சகல. போய்ப் படு."

"உனக்கே மூஞ்சி வெளுத்துக் கெடக்கு."

"ஐஸுக்குள்ள எவனுக்குச் செவக்கும்? படு."

மணி இரண்டு. அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் சாக்கை விரித்துப் படுத்தேன். கண் செருகும்போது சத்தம் கேட்டது.

ர்ர்ர்...

சற்று விட்டு மறுபடியும். அதே இடத்திலிருந்து. நின்றுவிட்டானா? எழப் பார்த்தேன். இடுப்பு விடவில்லை.

ர்ர்ர்...

பிறகு அடங்கியது. தள்ளுவண்டி உருளத் தொடங்கியது. கிறீச்... கிறீச்... நடக்கிறான் என்று தூங்கிவிட்டேன்.

நான்கு மணிக்குச் சங்கு ஊதியது. கண் திறந்தால் சகலை எதிரே நிற்கிறான்.

"ஏன் சகல, அப்பப் பட்டை அதிர்ந்துச்சே?"

என் கையைப் பிடித்துப் பட்டையை மாட்டினான்.

இரண்டு மணி நேரம் ஓர் ஆளின் கையில் இருந்த பட்டை...

ஐஸாக இருந்தது.

என் மூச்சு புகையாகப் போய் அவன் முகத்தில் பட்டது.

அவனிடமிருந்து புகை வரவில்லை.

திரும்பி நடந்தான். கடைசி வரிசைக்குள்...

வாசலில் மேஸ்திரி திரையைவிட்டுத் தலை நிமிரவில்லை. "இன்னைக்கு நல்லா ஓடியிருக்க. உன் சகலைதான் ரெண்டே காலுக்குப் படுத்தவன், எழுந்திருக்கல. மூணு எச்சரிக்கையும் ஆச்சு. கூட்டிட்டு வா, கணக்க முடிச்சு அனுப்பணும்."

கடைசி வரிசையில் கிடந்தான். விறைத்திருந்தான். கையில் ஒரு பட்டைதான். அவனுடையது.

மாரடைப்பு என்றார் டாக்டர். உயிர் போய் இரண்டு மணி நேரமாவது இருக்கும் என்றார்.

மறுநாள் மேஸ்திரியிடம் கேட்டேன், அந்த நேரத்தில் என் பட்டை என்ன காட்டியது என்று.

"ரெண்டே கால்லேர்ந்து நாலு வரைக்கும் நடை இருக்கு. நாடி மட்டும் சைபர்."

"அப்ப?"

"அப்ப என்ன, பட்டை கோளாறு. நடை இருந்தாப் போதும்."

எனக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. வேறு பட்டை கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

செத்த பிறகு எனக்காக அவன் நடந்த ஒன்றேமுக்கால் மணி நேரம் இன்னும் என் கடனாக நிற்கிறது.