ஓகா ஃபெரியில் கேட்டது

ஆனந்தராசாவை அவருடைய கம்பனியில் எல்லோரும் ஆன்ட்றே என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி அம்மா அவருடைய பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, மூன்றாம் தரம் கைவிட்டு, சட்டையில் குத்துகிற அட்டையில் அப்படி அடிப்பித்துக் கொடுத்துவிட்டாள். அவருக்கு அதில் வருத்தம் இருக்கவில்லை. வீடு இருக்கிற லாசால் பக்கத்தில் அவர் ஆனந்தண்ணை, ஓட்டுகிற வானுக்குள் ஆன்ட்றே. இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்திக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தார்.

யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபோது அவர் இளந்தாரி. மொன்ட்ரியாலில் தையல் தொழிற்சாலையொன்றில் நெடுங்காலம் ஆவிக்குள் நின்று உடுப்பு அழுத்தினார். அது மூடப்பட்டதும் டாக்ஸி ஓடினார். டாக்ஸித் தொழில் படுத்தபோது இந்தக் கம்பனி கிடைத்தது. தனி வானில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு வெளியே உள்ள வைன் தோட்டங்களுக்குப் போக வேண்டும். அரைநாள் சுற்று, இரண்டு தோட்டம். குளிர்காலத்தில் திராட்சைக் கொடிகளை மண்ணால் மூடி வைப்பதையும், செடியிலேயே உறைந்த பழத்தைப் பிழிந்து ஐஸ் வைன் எடுப்பதையும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொல்லப் பழகிவிட்டார். தான் ஒரு சொட்டும் வாயில் வைப்பதில்லை. ஆனாலும் கோயிலில் யாராவது விசாரித்தால் "டிரான்ஸ்போர்ட் வேலை" என்பதோடு நிறுத்திவிடுவார். குடிக்கப் போகிறவர்களை ஏற்றி இறக்குகிறேன் என்று சொல்ல நா எழும்பாது.

அந்தக் கோடையில் டொரண்டோவிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் சிலர் வந்திருந்தார்கள். அவரும் தமிழ் என்று தெரிந்ததும் ஊர் கேட்டார்கள், தெரு, ஒழுங்கை கேட்டார்கள், தகப்பன் பெயர் கேட்டார்கள். கடைசியில் ஒருத்தி, "எட, நீங்கள் கணக்கு மாஸ்டரின்ர மகனோ? எங்கட அம்மா அவரிட்டைத்தான் படிச்சவ" என்றாள். அதற்குப் பிறகு வானுக்குள் எல்லோரும் கொஞ்சம் அமைதியாகிவிட்டார்கள். பின்னேரம் இறங்கும்போது அவருடைய கையைப் பிடித்து அளவுக்கு மிஞ்சிய டிப்ஸை வைத்துப் பொத்திவிட்டார்கள். வாங்கிய கையை வீட்டுக்குப் போகும் வரைக்கும் அவர் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். இனித் தமிழ் ஆட்கள் ஏறினால் வாய் திறப்பதில்லை என்று தீர்மானித்தது அன்றைக்குத்தான்.

செப்டெம்பர் கடைசியில் ஒரு காலை, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வாசலில் நின்றவர்களைப் பார்த்ததுமே தமிழர் என்று விளங்கிவிட்டது. வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர், பக்கத்தில் நீல மேற்கோட்டுப் போட்ட அவருடைய மனைவி. பெரியவர் தமிழில் "அனு, கதவைப் பூட்டினியா? இன்னொரு தடவை பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தமிழ்நாட்டுத் தமிழ்.

"போன்ஜூர்," என்றார் ஆனந்தராசா.

பெரியவர் கை கொடுத்தார். பெயர் மணிவாசகம். பக்கத்து விவசாயக் கல்லூரியில் மண்ணைப் பற்றிப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மகள் ஹம்சினி கல்யாண நாளுக்கு இந்தச் சுற்றைப் பரிசாக வாங்கிக் கொடுத்திருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் சந்தோஷமாகச் சொன்னார். பிறகு சட்டை அட்டையிலிருந்த பிரெஞ்சுப் பெயரையும் ஆனந்தராசாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மொரீஷியஸா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். ஆனந்தராசா சிரித்து, ஆமென்பதுபோல் தலையை ஆட்டினார்.

வான் புறப்பட்டதும் மணிவாசகம் மனைவியிடம், "இவர் மூஞ்சியைப் பாரேன். வட்டி கேட்டு வந்தவன் மாதிரி எவ்வளவு சீரியஸா இருக்கார்," என்றார். அனுசூயா அவருடைய முழங்கையில் தட்டினார். ஆனந்தராசாவுக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஒளிந்திருந்து பார்க்கிற பிள்ளையின் குஷி அதில் கொஞ்சம் இருந்தது.

ஹட்சன் கரையில், வண்டிகளையும் ஏற்றுகிற ஃபெரிக்குக் காத்திருந்து ஏறினார்கள். ஏரியைக் கடந்தால் அக்கரை ஓகா. நாலைந்து கார்கள்தான் நின்றன. மணிவாசகம் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய்க் கம்பியைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்தார். அனுசூயா வரவில்லை. காற்று அடிக்குமாம். கதவு சாத்தப்பட்டதும் அவர் கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"அக்கா, நான்தான். இல்ல, இன்னும் சொல்லலை."

ஆனந்தராசா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி இருந்தார்.

"நேத்து டாக்டர் கூப்பிட்டாங்க. ஆமா. அதேதான், கேன்சர். இடது பக்கம்." போனுக்குள்ளே விசும்பல் கேட்டது. "அழாதக்கா. நீ அழுதா நான் என்ன பண்ணுவேன்? இன்னிக்கு ஒரு நாள் அவர் சந்தோஷமா இருக்கட்டும். ஹம்சினி ஆசையா வாங்கிக் குடுத்தது. ஞாயித்துக்கிழமை சொல்றேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல. அவர் தாங்க மாட்டார்." பிறகு, அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "பக்கத்துல யாருமில்ல. டிரைவர்தான் இருக்கார். தமிழ் தெரியாது."

இருமியிருக்கலாம். கதவைத் திறந்துகொண்டு இறங்கியிருக்கலாம், அது அவருடைய கைக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது. இப்போது இறங்கினால் அந்த அம்மா திடுக்கிடுவா, பேச்சுக் குழம்பும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பொய் என்று அப்போதே அவருக்குத் தெரியும். அவருக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது. இடது பக்கம் என்றதும் காது தானாகப் பின்னால் போய்விட்டது. தான் பேசுவது ஒருவருக்கும் விளங்காது என்று நம்பி ஒரு மனுசி தன் உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் மூச்சையும் அடக்கி வைத்துக்கொண்டு, ஃபெரி அக்கரையில் முட்டும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் தோட்டத்தில் மணிவாசகம் குழந்தையாகிவிட்டார். வைன் ஊற்றிக் கொடுத்த பெண்ணிடம் மண்ணைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். கிளாஸை மூக்கில் வைத்து, கண்ணை மூடி, "ஈரச் சாக்கு வாசனை" என்று தமிழில் சொல்லித் தானே சிரித்தார். அனுசூயாவும் சிரித்தார். வாசலில் நின்ற ஆனந்தராசாவால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. அது எதை மறைக்கிற சிரிப்பு என்று அங்கே அவருக்கு மட்டுந்தான் தெரியும். பக்கத்தில் நின்ற புருசனுக்குக்கூடத் தெரியாது.

மறுபடி வானில் ஏறியதும் மணிவாசகம் சொன்னார், "ஏன் ஒரு மாதிரி இருக்க?"

"வெயில்."

"அடுத்த வருஷம் ஹம்சினியையும் கூட்டிட்டு வருவோம். இந்தத் தோட்டத்துக்கேதான். என்ன?"

"ம்."

"என்ன, ம்? வருவோம்னு சொல்லு."

"வருவோம்."

ஆனந்தராசா பின்னால் பார்க்கிற கண்ணாடியைக் கையால் மேலே திருப்பிவிட்டார். இனி அதில் வானின் கூரைதான் தெரிந்தது. கண்ணை மூடலாம். காதை என்ன செய்வது? ரேடியோவைப் போட்டார். மணிவாசகம் ஆங்கிலத்தில், பேச்சுக் கேட்கவில்லை, கொஞ்சம் குறைக்க முடியுமா என்றார். குறைத்தார்.

இரண்டாவது தோட்டம் ஒரு சரிவில் இருந்தது. பழம் கறுத்துத் தொங்கியது. குருவிகள் கொத்தாமல் வலை போட்டிருந்தார்கள். மணிவாசகம் கடைக்குள் போத்தல் தெரிவு செய்துகொண்டிருக்க, அனுசூயா தனியாகக் கொடிகளுக்கு இடையில் நடந்தார். ஆனந்தராசா வானுக்குப் பக்கத்தில் நின்றார். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாதென்று நினைத்தும் பார்த்தார். நீல மேற்கோட்டு பாதிச் சரிவில் நின்றது, ஒரு கம்பத்தைப் பிடித்தது, பிறகு மெல்லக் கீழே இறங்கி மண்ணில் இருந்துவிட்டது.

அவர் ஓடினார். ஆன்ட்றே ஓடியிருந்தால் மேடம் என்று கூப்பிட்டிருப்பான்.

"அம்மா, எழும்பாதேங்கோ. அப்பிடியே இருங்கோ. தலை சுத்துதோ? தண்ணி கொண்டு வாறன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன மொழியில் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அனுசூயா நிமிர்ந்து பார்த்தார். மயக்கம் தெளிந்துவிட்டது போலிருந்தது அந்தப் பார்வை.

"நீங்க தமிழா?"

"ஓம்."

"ஃபெரியில..."

ஆனந்தராசா தன் சப்பாத்தைப் பார்த்தார். அதில் சேறு ஒட்டியிருந்தது.

"எல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டது, அம்மா."

அனுசூயா திறந்திருந்த மேற்கோட்டின் இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சேர்த்து, கீழிருந்து கழுத்து வரைக்கும் ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார். உடுப்பு மாற்றுகிற அறைக்குள் யாரோ தெரியாமல் வந்துவிட்டால் ஒரு பெண் செய்கிற மாதிரி இருந்தது. ஆனந்தராசா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மா ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் முதலே சொல்லியிருக்க வேணும். இப்ப ஐயாவிட்டைப் போய்ச் சொல்லிவிடுறன்."

"வேண்டாம்." அனுசூயாவின் குரல் உயரவில்லை. "இப்பப் போய் நீங்க தமிழ்னு சொன்னீங்கன்னா, ஃபெரியில நான் போன் பேசினதை வெளியிலிருந்து பார்த்தவர், யார்கிட்டப் பேசினேன், என்ன பேசினேன்னு கேட்பார். அவரால கேட்காம இருக்க முடியாது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவார். நீங்க மொரீஷியஸாவே இருங்க."

"அம்மா..."

"வீடு போற வரைக்கும்."

அப்படியே இருந்தார். திரும்பி வரும்போது மணிவாசகம் கலகலப்பாக இருந்தார். மொரீஷியஸில் திராட்சை விளையுமா என்று கேட்டார். ஆனந்தராசா, தன் ஆயுளில் பார்த்திராத அந்தத் தீவைப் பற்றி, அங்கே கரும்புதான் அதிகம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கடற்கரை எப்படி? நல்ல வெள்ளை மணல். ஒவ்வொரு பதிலுக்கும் பின்சீட்டில் இருந்த அனுசூயா மூச்சு விடுவது அவருக்குக் கேட்டது. காலையில் விளையாட்டாகத் தலையாட்டிய பொய்யை இப்போது இன்னொருவரின் தேவைக்காகச் சுமந்துகொண்டு போக வேண்டியிருந்தது. வீட்டு வாசலில் மணிவாசகம் அவருடைய தோளில் தட்டி, இந்த வருஷத்திலேயே நல்ல நாள் இதுதான் என்றார். அனுசூயா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

மறுநாள் ஆனந்தராசா முதலாளி அம்மாவிடம் தன்னுடைய சரியான பெயரை அடித்து அட்டை தரச் சொன்னார். ஒருவருக்கும் வாசிக்க வராதே என்றாள். வராவிட்டால் பரவாயில்லை என்றார். தமிழ் முகம் தெரிந்தால் கதவைத் திறக்கும்போதே "வணக்கம், நான் யாழ்ப்பாணம்" என்று சொன்னார். ஒழுங்கை கேட்டவர்களுக்கு ஒழுங்கை சொன்னார். ஃபெரியில் வானை நிறுத்தியதும், உள்ளே எந்த மொழிக்காரர் இருந்தாலும், இறங்கிப் போய் முன்பக்கத்தில் நின்றார். மழையிலும் நின்றார். அதனால் மனம் இலேசாகிவிடவில்லை. மனைவி யோகராணிக்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. பிறத்தியாரின் வருத்தத்தைத் திருடியதும் போதாமல் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து பரப்பவும் வேண்டுமா என்று நினைத்தார்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, தமிழ்க் கடையில் மீனுக்கு நின்றார். மரக்கறிப் பக்கத்தில் முருங்கைக்காய்களை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் மணிவாசகம். தாடி கவனிப்பில்லாமல் வளர்ந்திருந்தது. ஆனந்தராசா மெல்ல நழுவப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மீன் வெட்டுகிறவர், "ஆனந்தண்ணை, விளைமீன் வந்திருக்கு, துண்டு போடவோ?" என்று சத்தம் போட்டார். மணிவாசகம் திரும்பினார்.

"நீங்க அந்த வைன் டூர் டிரைவர்தானே? மொரீஷியஸ்..."

"இல்லை ஐயா. யாழ்ப்பாணம்."

மணிவாசகம் முதலில் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு வாடியது. "அடடா. அன்னிக்கு உங்களைப் பத்தி ஏதோ கிண்டல் பண்ணேனே. உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். மன்னிச்சுக்கோங்க. ரொம்பத் தப்பு."

இந்த மனிதர் தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்பதை ஆனந்தராசாவால் பொறுக்க முடியவில்லை. எதையாவது சொல்லி அதை மறைக்க வேண்டும் போலிருந்தது. அவசரத்தில் வாய் முந்திவிட்டது.

"அதொண்டுமில்லை ஐயா. அம்மாவுக்கு இப்ப எப்பிடி? வைத்தியம் முடிஞ்சுதோ?"

மணிவாசகத்தின் கையிலிருந்த முருங்கைக்காய் அசையவில்லை. "அவளுக்கு வைத்தியம்னு உங்களுக்கு யார் சொன்னது?"

இனி ஒளிக்க இடமில்லை. ஃபெரியில் நடந்ததைச் சொன்னார். அக்காவோடு பேசியதை, தான் இறங்காமல் இருந்ததை, சரிவில் அனுசூயா கேட்டுக்கொண்டதை. சுற்றிவர ஆட்கள் போய் வந்தார்கள். ஒரு பெண் இருவருக்கும் நடுவில் கையை நீட்டிக் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டு போனாள்.

"அப்போ எனக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"அடுத்த வருஷம் வருவோம்னு சொல்லுன்னு அவளை நான் வற்புறுத்தினேன். அப்பவும் தெரியும்."

"ஓம், ஐயா."

மணிவாசகம் கையிலிருந்த முருங்கைக்காயைக் கூடைக்குள் வைத்தார். "ஊசி மருந்தெல்லாம் முடிஞ்சுது. சாப்பாடு இறங்க மாட்டேங்குது. இன்னிக்குச் சாம்பார் கேட்டா," என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு காசு கட்டுகிற இடத்துக்குப் போனார். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனந்தராசாவும் அதை எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து மீன் பையைக் குசினியில் வைத்துவிட்டு, யோகராணியிடம் முழுவதையும் சொன்னார். முடிந்த பிறகு அவள் சொன்னாள், "நீங்கள் இறங்கிப் போயிருக்கலாந்தானே."

"ஓம்."

"அண்டைக்கு வெளியில குளிரோ?"

அவர் யோசித்தார். ஏரியில் வெயில் பட்டுக் கண் கூசியது ஞாபகம் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மணிவாசகம் தொப்பிகூடப் போட்டிருக்கவில்லை.

"இல்லை," என்றார். "நல்ல வெயில்."

யோகராணி அவரை ஒருதரம் பார்த்தாள். பிறகு மீனைக் கழுவத் தண்ணீரைத் திறந்தாள்.