ஆன் த வே அண்ணன்

பதினேழு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மெக்கானிக்குக் கட்டிடக் காவலாளிகள் வைத்த பேர் 'ஆன் த வே'. அவர் வண்டியை நிறுத்தும்போதே, "வாங்க ஆன் த வே அண்ணே!" என்பார்கள். யாரோ ஒருத்தர் ஆரம்பித்து வைத்தார், எல்லாக் கட்டிடத்துக்கும் பரவிவிட்டது. கேட்டாலே மனுஷனுக்குப் பற்றிக்கொண்டு வரும். வராமல் என்ன செய்யும்? செய்யாத தப்புக்கு வைத்த பேர் அது.

யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால், உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணுக்குப் போன் செய்வார்கள். கம்பெனியில் போன் எடுக்கும் பெண், "ஆள் ஆன் த வேல இருக்காரு, அஞ்சே நிமிஷம்" என்பாள். மானேஜர் தட்டச்சு செய்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் வாசகம் அது. அதைச் சொல்லி முடித்த பிறகுதான் எந்த மெக்கானிக் எங்கே இருக்கிறார் என்று தேடவே ஆரம்பிப்பாள். நம்மவர் அப்போது ஊரின் மறுகோடியில், ஒரு மொட்டைமாடி மெஷின் ரூமில், முழங்கை வரை கிரீஸோடு உட்கார்ந்திருப்பார். தகவல் வந்த நிமிஷமே கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆனால் போய்ச் சேர்ந்ததும் கிடைக்கும் பாட்டு இருக்கிறதே! "ஒரு மணி நேரமா ஆன் த வேயா? தவழ்ந்தா வந்தே?" என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படியேறுவார்.

ஊரே சொல்கிற வார்த்தைக்கு இவருக்கு மட்டும் என்ன இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். மச்சினன் குளியலறையிலிருந்து, தண்ணீர் கொட்டும் சத்தம் பின்னால் கேட்க, "ஆன் த வே மச்சான்" என்று போனில் கூசாமல் சொல்வான். தையல்காரர் துணியில் கத்தரியே வைத்திருக்க மாட்டார், "உங்க பிளவுஸ் ஆன் த வேக்கா" என்பார். மெக்கானிக்கின் மனைவி இதற்கு ஒரு அகராதியே வைத்திருந்தாள். "ஆன் த வேன்னா இன்னும் குளிக்கலைன்னு அர்த்தம். பக்கத்துல வந்துட்டேன்னா செருப்பைத் தேடறாங்கன்னு அர்த்தம்." இவரும் சிரிப்பார். ஆனால் அதெல்லாம் தரையில் நிற்கிறவர்களுக்குச் சொல்வது. இரண்டு மாடிக்கு நடுவே தொங்குகிறவர்களிடம் வாய் கூசாமல் இப்படிச் சொல்ல எப்படி மனசு வருகிறது? அதுதான் அவர் கேள்வி.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பத்து அம்பத்திரண்டுக்கு அவருக்குப் போன் வந்தது. பதினெட்டு நிமிஷத்தில் போய்விட்டார். நேரே மொட்டைமாடிக்கு ஓடி, கரண்டை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை நான்காவது மாடிக்கு இறக்கினார். படியிறங்கி வந்து கதவைத் திறந்தால், உள்ளே நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா கைத்தடியோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். முழங்காலில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்தான் ஆகிறதாம். கால் வெடவெடவென்று நடுங்கியது. வெளியே நின்ற கணவர் பாய்ந்து வந்து மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்தார். பத்து மணி அஞ்சு நிமிஷத்திலிருந்து ஆன் த வேயாம்.

மெக்கானிக் சட்டையைப் பற்றிக் கவலைப்படவில்லை. "ஏம்மா, கீழ உக்காந்திருக்கலாமே?" என்றார்.

"எனக்குச் சுவத்தைப் பிடிச்சு உக்காரவே அஞ்சு நிமிஷம் ஆகும் தம்பி. அதுக்குள்ள நீங்க வந்துடுவீங்கன்னு சொன்னாங்களே. அப்புறம் கேட்டா, இன்னும் அஞ்சு நிமிஷம்னாங்க. அதான் நின்னுட்டே இருந்தேன்."

ஒரு மணி நேரத்துக்கு மேல்! பத்து அஞ்சுக்கே, 'ஆள் தூரத்தில் இருக்கிறார், நேரமாகும்' என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த அம்மா உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்லத்தான் ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை.

கணவர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் மானேஜர் ஒரு தாளை நீட்டினார். 'வழியில் என்னால் ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துகிறேன்' என்று தயாராக அடித்து வைத்திருந்தது.

"சும்மா ஃபார்மாலிட்டிப்பா. ஒரு கையெழுத்துப் போடு, முடிஞ்சுது."

"சார், எனக்குச் சொன்னதே பத்து அம்பத்திரண்டுக்கு. நான் எந்த வழியில சார் லேட் பண்ணேன்?"

"ஆன் த வேன்னு சொல்றது மாட்டிக்கிட்டவங்களுக்கு ஒரு ஆறுதல்பா. அதைப் போய்ப் பெருசு பண்றியே."

"ஆறுதலா? அந்தம்மா கால் நடுங்கினதை நீங்க பாத்தீங்களா சார்?"

மானேஜரின் முகம் சிவந்துவிட்டது. கையெழுத்துப் போடாவிட்டால் ஒரு வாரம் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்றார். மெக்கானிக் பேனாவை வாங்கி, அடித்திருந்த வரியைக் குறுக்கே கோடிட்டு அடித்தார். அதன் கீழே, 'பத்து ஐந்துக்கு நான் வழியில் இல்லை. யாருமே இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றாள் மனைவி. கொஞ்ச நேரம் கழித்து, "ஒருவேளை வேலையை விட்டே நிறுத்திட்டா?" என்றாள்.

மூன்றாவது நாள் பெருமழை. மோட்டார்களில் ஈரம் ஏறி ஊரில் பாதி லிஃப்ட் நின்றுபோனது. ஒரு வாரம் என்ற வீறாப்பெல்லாம் எங்கே போனதோ, மானேஜரே போன் செய்து கூப்பிட்டார். தாளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்த வாசகம் அப்படியே இருந்தது.

போன் எடுக்கும் பெண் ரகசியமாகச் சொன்னாள். "அண்ணே, சார் எழுதிக் குடுத்ததைத்தான் நான் படிக்கணும். ஆனா மாட்டிக்கிட்டவங்க நம்பரை உடனே உங்களுக்கு அனுப்பிடறேன். நீங்களே பேசிடுங்க. சார் காதுக்குப் போக வேண்டாம்."

அன்று மத்தியானமே ஒரு எண் வந்தது. ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் ஒரு பெண் மட்டும். மெக்கானிக் அப்போது வேறொரு கட்டிடத்தில், இரண்டு பேரை இறக்கிக்கொண்டிருந்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசினார்.

"நான் லிஃப்ட் மெக்கானிக் பேசறேம்மா."

"ஆன் த வேதானே? அதான் ஏற்கெனவே சொல்லிட்டாங்களே," என்றது எரிச்சலான குரல்.

"இல்லம்மா. நான் இன்னும் கிளம்பவே இல்ல. இங்க வேலை முடிய பத்து நிமிஷம் ஆகும். அங்க வந்து சேர அரை மணி ஆகும். உள்ள காத்து வரும், பயப்படாதீங்க. கதவை மட்டும் தள்ளிப் பாக்காதீங்க."

அர்ச்சனைக்குத் தயாராக அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கனமான பை ஒன்று தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு.

"அப்படின்னா நான் உக்காந்துக்கறேன்," என்றாள் அந்தப் பெண்.