பட்டாம்பூச்சிக்குச் சிவப்பு அட்டை

என் வீட்டுக்காரர் ஒரு பட்டாம்பூச்சியை ரிஜெக்ட் செய்தார். உயிருள்ள பட்டாம்பூச்சி இல்லை, கம்ப்யூட்டரில் நான் அலங்காரத்துக்கு ஒட்டிய படம்.

"இது பறக்குதா, உக்காந்துகினு கீதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுமே. பறந்தா நெழலு தள்ளி வுழணும். உக்காந்தா ஒட்டி வுழணும். இதுக்கு நெழலே இல்ல."

சொல்லிவிட்டு ஒரு சிவப்பு அட்டையை எடுத்து, 'காரணம்: நிழல் இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நூல் கட்டி லேப்டாப்பின் மூலையில் தொங்கவிட்டார்.

இவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பத்து நான்கு வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். டிராயிங்கோடு ஒத்துப்பார்த்து, தேறினதுக்குப் பச்சை அட்டை, தேறாததுக்குச் சிவப்பு. ரிட்டயர் ஆனபோது கம்பெனி ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தது. அட்டைக் கட்டை இவராகவே எடுத்து வந்துவிட்டார். நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்பார்களே, அதுதான். முதல் மாதமே எங்கள் முகப்பேர் குடியிருப்பின் மாடிப்படிக் கைப்பிடி, என் குக்கர் மூடி, வாசலுக்கு வந்த பால் பாக்கெட் எல்லாம் சிவப்பு அட்டை வாங்கின. சுவர்க் கடிகாரமும் வாங்கியது.

நான் செய்துகொண்டிருந்தது ஸ்கிராப்புக் பக்கம். மாடி வீட்டில் ஐ.டி. வேலை பார்க்கும் பெண் கற்றுக்கொடுத்தாள். போட்டோவை நடுவில் வைத்து, சுற்றிலும் ரிப்பன், பூ, பட்டன், கிளிப் என்று அலங்கரிக்க வேண்டும். எல்லாம் திரைக்குள்ளேயே. கையில் பசை ஒட்டாது, வீட்டில் குப்பை சேராது. எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதை ஆசைக்காக மட்டும் செய்யவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஒரே பெண், கூட வேலை பார்த்தவனை எங்களைக் கேட்காமல் கட்டிக்கொண்டு புனே போய்விட்டாள். அன்றிலிருந்து இவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் போன் வந்தால் பால்கனிக்குப் போய்விடுவார். கத்துகிற ஆளோடு சண்டை போடலாம், பேசாத ஆளை என்ன செய்வது? இப்போது பேத்தி பிறந்து மூன்று மாதம். "நீங்க ரெண்டு பேரும் வந்தாதான் தொட்டில் போடுவேன். இல்லன்னா புள்ள என் மடியிலயே கிடக்கட்டும்" என்று பெண் சொல்லிவிட்டாள். அவளும் இவர் ரத்தம்தானே, சொன்னால் செய்வாள்.

அதனால்தான் அந்தப் பக்கம். ஒரு பக்கம் நாலு வயதில் ஊஞ்சலில் என் பெண், மறுபக்கம் என் பேத்தி. பார்த்தால் மனசு இளகும் என்று நினைத்தேன். மனுஷன் பட்டாம்பூச்சியைப் பார்த்தார்.

"போட்டோவப் பாத்தியாய்யா?" என்றேன்.

"படத்த நான் பாக்கல. ஃபிட்டிங்கத்தான் பாத்தேன்."

எரிச்சலில் பட்டாம்பூச்சிக்கு நிழல் வைத்தேன். மறுநாள் காலை காப்பியோடு வந்து நின்றார். ரிப்பனின் நிழல் வலது பக்கம் விழுகிறது, கிளிப்பின் நிழல் இடது பக்கம் விழுகிறது. "இன்னாமே, உங்க ஊட்ல ரெண்டு சூரியனா?" சிவப்பு அட்டை. பட்டனில் நாலு ஓட்டை இருக்கிறது, நூல் இல்லை. சிவப்பு அட்டை. குண்டூசி எதையும் குத்தவில்லை, சும்மா படுத்திருக்கிறது. அதற்கும் ஒன்று. லேப்டாப்பைச் சுற்றித் தோரணம் கட்டியதுபோல் ஆகிவிட்டது. மாடி வீட்டுப் பெண் வந்து பார்த்து, ஏதாவது வேண்டுதலா ஆன்ட்டி என்று கேட்டாள்.

கடைசியில் என் பெண்ணின் போட்டோவுக்கே வந்தார். அதை ஒரு மூலையில் மட்டும் பூப்போட்ட டேப்பால் ஒட்டியிருந்தேன்.

"ஒரு மூலைல டேப்பு. ஃபேன் போட்டா பறந்துடும்."

"யோவ், கம்ப்யூட்டருக்குள்ள ஏதுய்யா ஃபேனு?"

"உள்ள ஃபேன் கீது. சத்தம் கேக்குது பாரு."

கேட்டது. சனியன், உண்மையிலேயே உள்ளே ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "அப்ப எத வெச்சுதான் ஒட்டச் சொல்ற? உன் பொண்ணு பறக்காம இருக்கணும்னா நீயே வழி சொல்லு" என்று கத்திவிட்டேன்.

உள்ளே போனார். பரணிலிருந்து டூல் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தார். பால்கனி வெளிச்சத்தில் வெள்ளைத் துண்டை விரித்து, ஒரு போல்ட், ஒரு வாஷர், ஒரு ஸ்பிரிங் வாஷர் என்று வரிசையாகத் துடைத்து வைத்தார். "போட்டோ புடி" என்றார். போனில் படம் பிடித்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றி, படத்தின் பின்னால் தெரிந்த துண்டை மட்டும் வெட்டி நீக்கி, போல்ட்டை அலங்காரப் பொருளாக்கினேன். ரோஜாப்பூ, முத்துச்சரம், பட்டாம்பூச்சி, பக்கத்தில் துருப்பிடிக்காத ஆறு பட்டை போல்ட். உலகத்தில் எந்த ஸ்கிராப்புக்கிலும் இந்தக் கண்றாவி இருந்திருக்காது.

போட்டோவுக்கு நாலு போல்ட். அதையும் என் இஷ்டத்துக்கு வைக்க முடியவில்லை. "வரிசையா இறுக்கினா ஒரு பக்கம் இழுத்துக்கும். எதிர் மூலை, எதிர் மூலையா வைமே." படம்தானே என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. எதிர் மூலையாகவே வைத்தேன்.

பிறகு மஞ்சள் கோடு. கம்பெனியில் போல்ட்டை இறுக்கிச் சரிபார்த்ததும், போல்ட்டிலிருந்து தகடு வரை பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார்கள். போல்ட் கொஞ்சம் கழன்றாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் வீட்டு சீலிங் ஃபேனில், பெண்ணின் சைக்கிளில், அந்த ஊஞ்சல் கொக்கியில் எல்லாம் இவர் கோடு உண்டு. இந்தக் கோட்டை மட்டும் என்னை இழுக்க விடவில்லை. மவுஸை வாங்கிக்கொண்டார்.

மவுஸ் பிடித்துப் பழக்கமில்லாத கை. கோடு போல்ட்டை விட்டுவிட்டுப் பெண்ணின் தலைமுடியில் ஏறியது. அழித்தார். பெரிதாக்கச் சொன்னார், இன்னும் பெரிதாக்கச் சொன்னார். திரை முழுக்க நாலு வயது மூஞ்சி. அப்புறம் பேத்தியின் போட்டோ. நாலாவது போல்ட் அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. கோட்டைப் போட்டு முடித்தும் மவுஸை விடவில்லை.

"காது நம்ம டிராயிங்தான்" என்றார் மெதுவாக.

எழுந்துபோய் அந்த அட்டைக் கட்டின் அடியிலிருந்து ஒரு பச்சை அட்டையை உருவி வந்து தொங்கவிட்டார். ரிட்டயர் ஆன பிறகு அந்த வீட்டில் தேறிய முதல் பொருள் அதுதான்.

பக்கத்தை உடனே போனில் பெண்ணுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். இவர் வழக்கம்போலப் பால்கனிக்குப் போனார், ஆனால் கதவைச் சாத்தவில்லை.

"மா, இது யாரு இறுக்கனது?" என்றாள்.

"வேற யாரு?"

மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "இங்க தொட்டிலுக்குக் கொக்கி மாட்டிக் கீறாங்கமா. நல்லாதான் கீது. ஆனா மஞ்சக் கோடு இல்ல. அண்ணாந்து பாத்தாலே எனக்குப் பயமா கீது" என்றாள்.

பால்கனியிலிருந்து, தெருவைப் பார்த்தபடியே இவர் சொன்னார். "போல்ட்டு எட்டு எம்.எம்.மா, பத்து எம்.எம்.மான்னு கேளு."

எனக்கு வந்ததே கோபம். "இத்தினி நாளா நடுவுல நின்னு என் காலு ஓஞ்சுபோச்சு. நீயே கேளுய்யா!"

வந்தார். போனுக்கு முன்னால், சாமி முன்னால் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எட்டா, பத்தா?"

"தெரியல நைனா."

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார்.

"நா வர்ற வரிக்கும் கொயந்தய அதுல போடாத" என்றார்.