ஹெவி கேஜ் கழுத்து

உங்களுக்கு வேறு சோலியே இல்லையா? கழுத்து ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஜெல் துடைத்தவளைப் பிடித்து உட்காரவைத்து, உள்ளே என்ன பார்ப்பார்கள் என்று கேட்கிறீர்கள். தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? சாயங்காலம் பஜ்ஜிதானே தின்னப் போகிறீர்கள். நானோ மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். தப்பாகச் சொன்னால் என் மேல் பழி, சரியாகச் சொன்னால் டாக்டருக்குப் பேர். சரி, கேட்டுத் தொலையுங்கள்.

வால்

ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, ஜங்ஷனில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மன்னார்புரம் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டருக்கு ஆயா வேலைக்குப் போனேன். ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது, படுக்கவைப்பது, சங்கிலியை ஒதுக்குவது, முடிந்ததும் கழுத்தைத் துடைத்துவிடுவது, இதுதான் வேலை.

முதல் நாள். டாக்டரம்மா ஸ்கிரீனைப் பார்த்தபடி டைப் அடிக்கிற பெண்ணிடம், “வால் தடிச்சிருக்கு” என்றார். எனக்குப் படிப்புதான் இல்லை, கண் இருக்கிறதே. படுத்திருந்த மனுஷரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். வேட்டிதான் தெரிந்தது. என்ன தேடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்க, நானும் உள்ளதைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் படுத்திருந்தவர் தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று அழவே தொடங்கிவிட்டார்.

“வால்னா சுவரு, ஆயாம்மா. ரத்தக்குழாயோட சுவரு” என்றார் டாக்டரம்மா. கழுத்துக் குழாய் தோலுக்குப் பக்கத்தில் இருப்பதால் மெஷினை வைத்தாலே தெரிந்துவிடும்; அதன் சுவர் தடித்திருந்தால் நெஞ்சில் இருக்கிற குழாய்களும் அதே லட்சணத்தில் இருக்கலாம் என்று விளக்கினார். நெஞ்சுக்குள் சுலபமாக எட்டிப் பார்க்க முடியாது, அதனால் கழுத்து வழியாக வேவு பார்க்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். இன்றுவரை அந்த அளவு படிப்பு எனக்குப் போதுமாக இருக்கிறது.

அரியமங்கலத்துக்காரர்

செல்வராஜுக்கு அரியமங்கலத்தில் ஒரு பட்டறை. பாய்லருக்குப் போகிற பைப்பை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்துக் கொடுக்கிற தொழில். பிரஷர் இருந்தது, சிகரெட்டும் இருந்தது. அவருடைய அண்ணன் அதே பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, ஆஸ்பத்திரி போகும் முன்பே போய்விட்டார். அண்ணன் போன அந்த வயதை இவர் எட்டியதும் இவர் சம்சாரம் மீனாட்சி விடவில்லை. இருதய டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் எங்களிடம் அனுப்பினார்.

மனுஷருக்குப் பயம். பயத்தை மறைக்க என்னிடம் வம்பு. ஜெல்லைப் பார்த்து, “என்னம்மா இது, கிரீஸா?” என்றார்.

“ஆமாங்க. கழுத்தை நல்லா நீட்டுங்க. அன்னைக்கு உங்க வீட்டம்மா உங்களுக்குக் கழுத்த நீட்டுனாங்க, இன்னைக்கு உங்க முறை” என்றேன்.

டாக்டரம்மா இரண்டு பக்கமும் பார்த்து, ரெண்டு சைடும் வால் திக்னஸ் கூடுதல் என்று டைப் அடிக்கச் சொன்னார். அதற்குள் அவசரமாக ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்துவிட, ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு உங்கள் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

நான் துடைக்கத் துடைக்க செல்வராஜ் முகத்தில் சிரிப்பு. வால் திக்னஸ் கூடுதல் என்று கேட்டு முகம் தொங்காத ஆளை அன்றுதான் பார்த்தேன். வெளியே போனவர் மீனாட்சியிடம் சொன்னார்: “சும்மா பயந்த. நம்ம பைப்பு ஹெவி கேஜு. சுவரு மெலிசா இருந்தாத்தான் பைப்ப சோதிக்க வர்ற இன்ஸ்பெக்டர் ரிஜெக்ட் பண்ணுவான். நம்முது தடியா இருக்காம், பாஸு.”

மீனாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையில் இருந்த பூவில் பாதியைக் கிள்ளி என் கையில் வைத்தாள். இருதய டாக்டரிடம் திரும்பப் போக வேண்டாம், லால்குடியில் மச்சினி வீட்டுக்கு விருந்துக்குப் போகலாம் என்று இரண்டு பேரும் முடிவு பண்ணிவிட்டார்கள். அவர் எதிர் டீக்கடைக்குப் போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். இன்னொரு கையில் வடை.

எனக்குப் பூ கையில் கனத்தது. பைப்புக்கு நல்லது கழுத்துக்கு ஏன் கெட்டது என்று கேட்டால் எனக்கு எங்கே பதில் தெரியும்? ஆனால் இந்த ஆள் இப்படியே லால்குடி பஸ் ஏறினால் அண்ணன் போன வழியில்தான் போவார் என்பது மட்டும் தெரிந்தது. ரோட்டைத் தாண்டிப் போய் வடையைப் பிடுங்கினேன்.

“அவ்ளோ நல்ல பைப்புன்னா ஊரே வந்து பாக்கட்டும். முதல்ல டாக்டரம்மாகிட்ட ஒரு பாஸ் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க” என்றேன். ஆம்பளைக்கு சர்டிபிகேட் என்றால் போதும். சிகரெட்டை மிதித்துவிட்டு வந்தார். வடையை நான் தின்றேன். என் சுவரை யாரும் இன்னும் பார்க்கவில்லையே.

டாக்டரம்மா ஸ்கிரீனில் அவர் படத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். செல்வராஜ் பட்டறைக்காரராக அருகில் போய்ப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“வெளி டயா, குழாயோட வெளி அகலம், கூடியிருக்கா மேடம்?”

“இல்லைங்க. தடிப்பெல்லாம் உள்பக்கமாத்தான் வந்திருக்கு.”

அவர் ஸ்கிரீனில் விரலை வைத்து உள்கோட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “அப்ப இது கேஜு இல்ல. பழைய டியூப்ல உள்ள பக்கு கட்டும் பாருங்க, தண்ணி போற வழியையே குறுக்குமே, அது” என்றார். விரலை எடுக்காமலே, “ஆசிட் ஊத்திக் கழுவிட முடியாதா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

டாக்டரம்மாவும் சிரிக்கவில்லை. அடைப்பு ஏதும் இன்னும் வரவில்லை, இது வருமுன் அடிக்கிற மணி. கழுவ முடியாது, மேலே மேலே படியாமல் பார்த்துக்கொள்ளலாம். அதற்குத்தான் மாத்திரை, அதற்குத்தான் பிரஷரைக் கட்டுக்குள் வைப்பது, அதற்குத்தான் சிகரெட்டை விடுவது என்றார்.

மீனாட்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு, “மாமாவுக்கும் இப்படி ஒருத்தரு பாத்துச் சொல்லியிருந்தா?” என்றாள். மாமா என்றது போய்விட்ட அந்த அண்ணனை. செல்வராஜ் சிகரெட் பாக்கெட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி எங்கள் குப்பைக் கூடையில் போட்டாள்.

மறுபடி அவர் வந்தது தம்பியை இழுத்துக்கொண்டு. தம்பி வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் செல்வராஜின் சட்டைப் பையை மோந்து பார்த்தேன். சிகரெட் நாற்றம் இல்லை, வாயில் போட வைத்திருந்த கிராம்பு வாசனைதான். போனால் போகட்டும் என்று தம்பிக்கு நல்ல மெத்தை விரித்துக் கொடுத்தேன்.

நான் இதில் கற்றது ஒன்றுதான். டாக்டர் சொன்னதைக் கேட்டுப் புரியாமலே தலையாட்டாதீர்கள். நல்லதா கெட்டதா என்று வாயைத் திறந்து கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

தம்பி வந்த அன்று சாயங்காலம் எங்கள் சந்தில் எல்லாரும் என்ன கதை என்று சூழ்ந்துகொண்டார்கள். எதிர் வீட்டு வரதன் மாமாவும் நின்றார். வீட்டை இடித்துக் கட்டும்போது சுவரைச் சந்துக்குள் தள்ளிக் கட்டிய புண்ணியவான். பிரஷர் மாத்திரையை நினைத்தால் போடுவார், நினைக்காவிட்டால் இல்லை.

நான் சொன்னேன்: “நம்ம சந்து முன்னாடி எவ்ளோ அகலம்? சுவரு உள்ள தள்ளி வந்துச்சு, இப்ப ஆட்டோவே ஒரசிக்கிட்டுப் போகுது. நாளைக்கு ஆம்புலன்ஸ் வந்தா முக்குலயே நிக்கும். கழுத்துலயும் அதே கதைதான்.”

வரதன் மாமா முறைத்தார். “ஏண்டி தனம், நீ என் கழுத்தைச் சொல்றியா, எங்காத்துச் சுவரைச் சொல்றியா?”

“ரெண்டையும்தான் மாமா. கழுத்துக்காச்சும் மாத்திரை இருக்கு.”