வெயிலில் வளைந்த செங்கோல்

கூடத்துக் கடிகாரம் நாலரைக்கு ஒருமுறை அடித்து ஓய்ந்தபோது அக்கா மொட்டை மாடிக்கு ஏறினாள். எல்லாம் கெட்டது அப்போதுதான். கைப்பிடிச் சுவர்மேல் காலையில் நேராகக் கிடந்த பூவரசங் குச்சி வில்லாக வளைந்திருந்தது. பின்னாலேயே ஏறிப்போன நான் கைதட்டிச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. குச்சியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

நேற்று மாலை என் மகள் ட்யூஷனிலிருந்து வரத் தாமதமானது. போன் எடுக்கவில்லை. தெருத்தெருவாக ஸ்கூட்டரில் அலைந்துவிட்டு வந்தால், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். இனி ட்யூஷனே கிடையாது, எங்கேயும் கிடையாது என்று கத்தினேன். "நீங்க ஒரு டிக்டேட்டர்ப்பா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அவள் சொன்ன சொல்லுக்குத் தமிழில் எங்கள் வீட்டில் புழங்கிய சொல்லும், அந்தக் கோடையும் காலையிலிருந்து மனத்தைச் சுற்றிச் சுற்றி வருகின்றன.

எமர்ஜென்சி காலம். ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. அம்மாவின் தம்பியான சின்ன மாமா எங்களோடு தங்கித் திருச்சியில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தார். மாலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொள்வார்கள். ஒருநாள் அந்தப் பேச்சிலிருந்து ஒரு சொல் நழுவி எங்கள் பக்கம் வந்து விழுந்தது. காட்டூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், உரக்கக் கேட்டான்: "கொடுங்கோல்னா என்ன சித்தப்பா?"

அப்பா எழுந்துபோய்த் தெரு ஜன்னலைச் சாத்தினார். அந்த வெக்கையில் ஜன்னலைச் சாத்துகிறாரே என்று எனக்கு ஆச்சரியம்.

மாமாதான் சமாளித்தார். "அது ராஜா கதைடா" என்று, நாங்கள் தின்றுகொண்டிருந்த கொடுக்காப்புளியில் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இது எப்படி இருக்கு? சுருண்டு வளைஞ்சு இருக்குல்ல? கொடுன்னா வளைஞ்சது. வளைஞ்ச காய் கொடுக்காய். வளைஞ்ச வாள் கொடுவாள். ராஜா கையில இருக்கிற கோல் நேரா இருந்தா செங்கோல். அவன் அநியாயம் பண்ணா அது வளைஞ்சு போயிடும். அதான் கொடுங்கோல். அதைப் புடிச்சிருக்கவன் கொடுங்கோலன்."

"தானாவா வளையும் மாமா?" என்றாள் அக்கா. அவளுக்குப் பதினோரு வயது. சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறவள்.

"வேணும்னா பாத்துடலாமே."

மறுநாளே விளையாட்டு தொடங்கியது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு முழுவதும் நாடு. நாளுக்கு ஒரு ராஜா. அவருக்கென்று மாமா புதிதாக வெட்டித் தரும் குச்சி ஒன்று, சூரியன் சாட்சியாக, மாலை வரை மாடியில் கிடக்கும். வளையாமல் இருந்தால் மாமாவின் சைக்கிள் கேரியரில் மலைக்கோட்டைக்குப் போகலாம், ஐஸ்கிரீம் உண்டு. வளைந்துவிட்டால் ராஜா ஆற்றைத் தாண்டி நாட்டைவிட்டே போய்விட வேண்டும்.

முதல் நாள் அண்ணன். என்னைக் கால் பிடிக்கச் சொன்னான். மாலையில் கோல் வளைந்தது. "என் கால் வலி மாமா, அது அநியாயமா?" என்று வாதாடிப் பார்த்தான். மறுநாள் நான். குடிமக்களின் கொடுக்காப்புளி எல்லாம் அரண்மனைக்கே சொந்தம் என்று ஆணையிட்டேன். என்னுடையதும் வளைந்தது. ஆற்றைத் தாண்டுவதற்குப் பதில் கிணற்றடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இரண்டு பேரும் சிரித்தபடி சாப்பிட உட்கார்ந்தோம்.

மூன்றாம் நாள் அக்கா. அன்று முழுவதும் அவள் யாரையும் ஏவவில்லை. கொடுக்காப்புளியைச் சமமாகப் பங்கிட்டாள், ஒன்று மிஞ்சியபோது அதைப் பிட்டு மூன்றாக்கினாள். அண்ணனுக்கும் எனக்கும் நடந்த சண்டையில் இருவரையும் தனித்தனியாக விசாரித்தாள். மத்தியானம் அம்மாவோடு உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தாள். "ராணியம்மா, எதுக்குங்க இதெல்லாம்?" என்று அம்மா கேலி செய்தாள். அக்கா தீர யோசித்துவிட்டு, "நீங்களும் குடிமக்கள்தானேம்மா" என்றாள்.

அவளைக் காணவில்லை என்பது விளக்கு வைக்கும் நேரத்தில்தான் தெரிந்தது. முதலில் அம்மா தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு அந்தக் குரல் மாறியது. அப்பா ஆபீஸிலிருந்து வந்த சட்டையோடு காவிரிப் பக்கம் ஓடினார். மாமா அப்போதுதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். குச்சி வளைந்ததையும் அக்கா அதை எடுத்துக்கொண்டு போனதையும் நான்தான் அவரிடம் சொன்னேன்.

பச்சைக் குச்சியில் ஒரு பக்கம் மட்டும் பட்டையைச் சீவி வெயிலில் போட்டால், சீவிய பக்கம் சுருங்கி வளைந்துவிடும். மாமாவின் வித்தை அவ்வளவுதான். யார் ஆண்டாலும் வளையும். அக்காவின் குச்சியை மட்டும் மத்தியானம் வந்து நேரான ஒன்றாக மாற்றி வைக்க நினைத்திருந்தாராம். கடைத்தெருவில் நண்பர்களோடு பேச்சு நீண்டதில் மறந்துபோனார். இதை அம்மா பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டுக் கொள்ளிடம் பக்கம் ஓடியதும், அதன் பின்சக்கரம் வாசலில் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்ததும்தான்.

தெரு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா வாசற்படியில் தூணைப் பிடித்தபடி நின்றாள். அப்பா வெறுங்கையோடு வந்தார். மாமாவும் வந்தார், கால் முழுக்க மணல்.

கடைசியில் வந்தது எங்கள் தெருப் பூக்காரம்மா. தலையில் கூடை, கையில் அக்கா. பூ வாங்கிக்கொண்டு கொள்ளிடத்து அக்கரையிலிருந்து திரும்பும்போது பார்த்தாளாம்.

"பாலத்தத் தாண்டி சமயபுரத்து ரோட்டுல ஒத்தையா நடக்குதுங்க. எங்க பாப்பா போறேன்னு கேட்டா, நாட்டை வுட்டுப் போறேங்குது! கூப்பிட்டா வரமாட்டேங்குது. உங்க மாமாகிட்ட நான் பேசுறேன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன்."

அம்மா அவளை அள்ளிக்கொண்டாள். அழவில்லை அக்கா. கையில் அந்த வளைந்த குச்சி இருந்தது. அம்மாவின் பிடியிலிருந்து மெல்ல நழுவி நேராக மாமாவிடம் போனாள். எதற்கும் பதில் வைத்திருக்கிற மாமா படியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கீழே விழுந்துவிட்டது, தேடுகிறார் என்று நினைத்து நானும் குனிந்து தேடினேன்.

அக்கா குச்சியை அவர் மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"வழியெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன் மாமா. யாருக்கு என்ன அநியாயம் பண்ணேன்னு தெரியல. நீங்களே சொல்லுங்க, நான் போய் மன்னிப்பு கேட்டுட்டு வரேன்."