பரீனா வளர்த்த கதவுகள்

பரீனாவைச் சிலந்தி கொல்லவில்லை. நாங்கள் கொன்றோம். அவளுடைய அண்ணன் அன்சார் காக்கா, விஷக்கடிக்கு மருந்து கட்டும் ஒரு பரிகாரி, அவளுடைய தெருவில் உள்ளவர்கள், பிறகு உயிரியல் படிப்பிக்கும் நான்.

செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தது. வியாழக்கிழமை பின்னேரம், பாடசாலை ஆய்வுகூடத்தில் மேலதிக வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஜனாஸா அறிவித்தல் என்றதும் வழக்கம்போல எல்லோரும் காதைக் கொடுத்தோம். இன்னாரின் மகளும், இன்னாரின் மனைவியும், இன்னாரின் சகோதரியும் ஆனவர் காலமாகிவிட்டார் என்றார்கள். மூன்று ஆண்களின் பெயர்கள் சொல்லப்பட்டன. செத்தவளின் பெயர் சொல்லப்படவில்லை. நான் கரும்பலகையில் இலையின் குறுக்குவெட்டைத் தொடர்ந்து வரைந்தேன். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

"டீச்சர், அது நம்மட பரீனா ராத்தா."

அதே அறையில் ஒன்பது வருடங்கள் வேலை செய்தவள். எங்கள் ஆய்வுகூட உதவியாளர். முப்பத்திரண்டு வயது. காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தாள். என் கையில் இருந்த சோக்கை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் அந்தப் படம் பாதியில்தான் நிற்கிறது. அழிக்க ஒருவரையும் நான் விடவில்லை.

அவளுடைய சிலந்திகளைப் பற்றி எங்கள் கல்முனைக்குடியில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கையளவு பெரியது, இரத்தம் குடிக்கும் என்றெல்லாம் கேட்டுவிட்டேன். அது சின்னி விரல் நகத்தின் அளவுதான். பெரிய மயிர்ச்சிலந்திகளுக்குத் தூரத்துச் சொந்தம். மரப்பட்டையின் மேல் நூலால் ஒரு சிறிய பை கட்டும். பட்டைத் தூளையும் பாசியையும் அதில் ஒட்டி, கீல் வைத்தது போன்ற ஒரு கதவும் போடும். மூடிவிட்டால் மரம் எது, கதவு எது என்று கண்டுபிடிக்க முடியாது. பரீனா கண்டுபிடித்தாள்.

நோன்புக் கஞ்சி காய்ச்சுவதற்காகப் பள்ளிவாசலில் விறகு பறித்துக் குவித்திருந்தார்கள். அந்த வழியால் வந்தவள் குவியலுக்குள் கையை விட்டு ஒரு கொப்பை இழுத்தாள். கஞ்சி காய்ச்சுகிறவர் சத்தம் போட்டார்.

"என்ன கா, நோன்பு நாளையில விறகு களவெடுக்கிற?"

"இது விறகில்ல காக்கா, வீடு. உள்ளுக்கு ஆள் இரிக்கு."

"அப்ப ஆளையும் கூட்டிட்டுப் போ. கஞ்சிக்குள்ள உழுந்திரப் போகுது."

அப்படித்தான் அது அவளிடம் வந்தது. ஆய்வுகூடத்தில் கிடந்த உடைந்த மீன் தொட்டியை நிமிர்த்தி, கொப்பை அதில் நிறுத்தி வைத்தாள். முதலில் பிழை விட்டாள். எங்கள் கரையோர வெயிலுக்குப் பயந்து தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தாள். பட்டை பூஞ்சணம் பிடித்தது. அந்தக் கொப்பில் இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்றின் உள்ளே இருந்தது செத்துப்போனது. அதை அவள் மறைக்கவில்லை. "நான்தான் கொன்றது டீச்சர்" என்று குறிப்புக் கொப்பியில் எழுதி, எனக்கும் காட்டினாள். எங்களில் ஒருவரும் இதுவரை அப்படி எழுதவில்லை.

பிறகு பழகிக்கொண்டாள். உடுப்பை மினுக்கி இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் போத்தலால் பட்டையின் ஒரு மூலையை மட்டும் நனைப்பாள். மற்றப் பக்கம் காய்ந்தே இருக்க வேண்டும். எந்தப் பக்கம் வேண்டும் என்பதைச் சிலந்தி முடிவு செய்யட்டும் என்பாள். காற்றுப் போவதற்குத் தொட்டியின் மேலே நுளம்பு வலை கட்டினாள். கனிந்த வாழைப்பழத்தைப் போத்தலில் போட்டு, அதில் வரும் சின்ன ஈக்களைத் தீனியாகக் கொடுத்தாள். கதவைத் திறந்து பார்க்க ஒருவரையும் விடமாட்டாள். அதிபர் ஒருமுறை பேனையால் நெம்பப் போனபோது கையைப் பிடித்துவிட்டாள்.

"கதவு அதுட, நேரமும் அதுட. தட்டாதீங்க சேர்."

ஒருமுறை நாற்பது நாளுக்கு மேலாகக் கதவு திறக்கவில்லை. விளிம்பையும் நூலால் தைத்து மூடியிருந்தது. செத்துவிட்டது, வீசிவிடு என்றேன். "சும்மா இரிங்க டீச்சர், அவ இத்தாவில இரிக்கா" என்றாள். கணவன் இறந்தால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் இருப்பதைச் சொன்னாள்.

"மாப்புள எப்ப மவுத்து?" என்றேன்.

"அவதானே திண்டிரிப்பா. அதுக்குத்தான் இத்தா."

ஆய்வுகூடமே சிரித்தது. ஒரு கிழமைக்குப் பின் கதவு திறந்தது. வாசலில் கழற்றிப் போட்ட பழைய தோல் கிடந்தது. அடுத்து வந்த மாரியில் குஞ்சுகள் வெளிவந்தன. ஒவ்வொன்றையும் தூரிகை நுனியால் தொட்டு எடுத்து, மாத்திரை தீர்ந்த குளிசைப் போத்தல்களில் ஒரு துண்டுப் பட்டையோடு தனித்தனியே விட்டாள். சில தங்கவில்லை. தங்கியவை எள்ளளவு கதவுகள் கட்டின. அன்று பரீனா அழுதாள். பாடசாலையில் அவள் அழுததை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு தொட்டியையும் போத்தல்களையும் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அங்கே அவற்றுக்குப் பக்கத்தில் அவளுடைய மகள் ஹனா இருப்பாள். ஏழு வயது. பரீனாவுக்குக் காய்ச்சல் தொடங்குவதற்கு முதல் நாள், உம்மா குளிக்கப் போன நேரத்தில், ஹனா ஒரு போத்தலின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டாள். குஞ்சு உள்ளேதான் இருந்தது. பரீனா ஏசவும் இல்லை. மூடியைப் பூட்டி வைத்தாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் நோகிறது, நாளைக்கு வரமாட்டேன் என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"கடிச்சதா?"

பகிடியாகக் கேட்டேன் என்று சொல்லலாம். இல்லை. உண்மையாகவே கேட்டேன். அவள் சிரித்தாள். "நீங்களுமா டீச்சர்?" என்றாள். அவளுடைய தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் இருந்த அன்சார் காக்காவின் குரல் எனக்குக் கேட்டது.

"பாத்தியா? சயன்ஸ் டீச்சரே கேக்கா."

அந்தச் சிலந்தியின் பல் மனிதத் தோலைத் துளைக்குமா என்பதே சந்தேகம். அது எனக்குத் தெரியும். அன்றைக்கு அவரிடம் அதைச் சொல்லாமல், "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். மறுநாள் மேற்பார்வைக் குழு வருகிறது என்று பதிவேடுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன்.

அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சிலந்திக் கடிதான் என்று தெருவே சொல்ல, பரிகாரியிடம் போனார்கள். அவர் மருந்து கட்டி, உப்பு ஆகாது, தண்ணீர் மூன்று நாளைக்கு நாக்கு நனைய மட்டும் என்றார். அவள் இருந்தது அவளுடைய சீதன வீடு. உறுதிப் பத்திரம் அவளுடைய பெயரில் இருக்கிறது. ஆனால் அவளுடைய உடம்பை எங்கே கொண்டுபோவது என்று முடிவெடுக்க ஒரு ஆண் வேண்டியிருந்தது. கணவன் கட்டார் நாட்டில் வேலை. ஆகவே காக்கா முடிவெடுத்தார். செவ்வாய்க்கிழமை அவளுடைய குரல் பதிவு வந்தது. இரண்டு நாள் மேற்பார்வை முடிந்து, வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, பிறகுதான் கேட்டேன்.

"டீச்சர், இது கடியில்ல. டெங்கு மாதிரி இரிக்கு. எனக்குத் தண்ணி தாறாங்க இல்ல. நீங்க ஒருக்கா வந்து காக்காக்கிட்ட செல்லுங்க. நீங்க சென்னா கேப்பாங்க."

நான் புதன்கிழமை போனேன். வீடு பூட்டியிருந்தது. மூக்கால் இரத்தம் வந்த பிறகு விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வியாழக்கிழமை ஒலிபெருக்கி.

கட்டாரிலிருந்து கணவன் வந்து சேரும் முன்பே அடக்கிவிட்டோம். மச்சான் அன்சார் சொன்னதையே அவரும் நம்பினார், ஊரும் நம்பியது. சிலந்தி கடித்து மவுத் என்று வாட்ஸ்அப்பில் படத்தோடு போட்டார்கள். படத்தில் இருந்தது எங்கேயோ வெளிநாட்டுச் சிலந்தி. அன்சார் காக்கா மீன் தொட்டியையும் போத்தல்களையும் வீட்டு வளவுக்குள் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார். ஹனா பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

ஏழாம் நாள் கத்தம் ஓதுவதற்குப் போனபோது அவள் என் உடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், மூடி திறந்தது நான்தான். ஒருத்தருக்கிட்டயும் செல்லாதீங்க."

 நீ இல்லை மகள், சிலந்தி கடிக்கவே இல்லை, உம்மாவுக்கு நுளம்பு கடித்து வந்த டெங்குக் காய்ச்சல் என்று குந்தியிருந்து சொன்னேன். அவள் கேட்டாள். தலையையும் ஆட்டினாள். பிறகு சொன்னாள்:

"மாமா அப்பிடிச் செல்லல்லயே."

பரீனாவைத் தெரிந்தவர்களே, அவளுக்காக நீங்கள் ஓதுகிறீர்கள், சாப்பாடு கொடுக்கிறீர்கள், நல்லபிள்ளை என்கிறீர்கள். ஹனாவின் தலையில் நாம் வைத்த பழியை இறக்க ஒருவரும் வரவில்லை.

என்னிடம் மிஞ்சியிருப்பது கொஞ்சம். அவளுடைய குறிப்புக் கொப்பி. அந்தக் குரல் பதிவு. இரண்டாம் முறை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆய்வுகூட யன்னலோரம் அவள் மறந்துவிட்டுப் போன ஒரு குளிசைப் போத்தல். அதற்குள் எள்ளளவு கதவு ஒன்று இருக்கிறது. ஒரு மூலையை மட்டும் நனைக்கிறேன். தட்டுவதில்லை.

நாற்பதாம் நாள் மறுபடி போனேன். முன்மண்டபம் நிறைய ஆட்கள். மரணச் சான்றிதழ் அன்சார் காக்காவின் கையில் இருந்த கோப்பில் இருந்தது. காரணம் டெங்கு என்று தமிழில் எழுதியிருப்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஹனாவைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன்.

"காக்கா, அந்தத் தாளப் புள்ளைக்கு வாசிச்சுக் காட்டுங்க. அண்டைக்கு 'கடிச்சதா'ண்டு நான் கேட்டதும் பிழைதான் எண்டு செல்லுங்க. ஆனா இப்ப வாசியுங்க."

அவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். சான்றிதழ்க் கோப்பை மடிக்குக் கீழே வைத்தார். உள்ளே பார்த்து, "டீச்சருக்குத் தேத்தண்ணி குடுத்தயா?" என்று கேட்டார்.

தேத்தண்ணி வந்தது. ஹனா இன்னும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்சார் காக்கா, தாள் உங்களிடம்தான் இருக்கிறது. வாசியுங்கள்.