டமால் ஆயாவைத் தூக்கிவிட்டது யார்?

பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயாவாக இருப்பவளுக்கு முதல் வேலை, ஏறுகிற தலைகளை எண்ணுவது. இரண்டாவது வேலை, எண்ணின தலைகள் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்காமல் பார்த்துக்கொள்வது. மூன்றாவது வேலை, ஓடுகிற பஸ்ஸில் விழாமல் நிற்பது. நம்முடைய ஆயாம்மா முதல் இரண்டிலும் ஒரு குறை வைத்தது கிடையாது. வினை மூன்றாவதில்தான் வந்து சேர்ந்தது.

காலையில் பஸ் படியில் கால் வைப்பதற்கு முன் கண்ணை மூடி நிற்பாள். "எல்லாப் பிள்ளைங்களையும் பத்திரமா கொண்டு சேர்த்துடு ஆண்டவனே" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவாள். வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு முன்சீட்டு, சண்டை போடுகிற இரண்டு பேருக்கு நடுவில் சாதுவான ஒன்று, தூங்கி விழுகிற பிள்ளைக்கு ஜன்னலோரம் என்று எல்லாருக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தாள். பிள்ளைகளும் "ஆயாம்மா, ஆயாம்மா" என்று காலைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வருஷம் அந்தப் புத்தகங்கள் வந்து சேர்ந்தன. பள்ளிக்கூட நூலகத்தில் வரிசையாக அடுக்கியிருந்த சிரிப்புக் கதைப் புத்தகங்கள். ஒரு குறும்புக்காரக் கூட்டம், ஒரு மொட்டைத் தலைமையாசிரியர், கூடவே பெருத்த உடம்போடு ஒரு ஆயா. அந்த ஆயாவுக்கு வேலையே விழுவதுதான். சோப்புத் தண்ணீரில் விழுவாள், படிக்கட்டில் விழுவாள், குப்பைத் தொட்டிக்குள் தலைகீழாக விழுவாள். விழும்போது பக்கம் முழுக்கப் பெரிய எழுத்தில் 'டமால்' என்று போட்டிருக்கும். அவள் பெயரே டமால் ஆயா.

அப்புறம் கேட்கவேண்டுமா? வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கும். ஆயாம்மா ஒரு ஆட்டம் ஆடிக் கம்பியைப் பிடிப்பாள். உடனே பஸ்ஸே சேர்ந்து கத்தும்: "டமா...ல்!"

"விடும்மா தங்கச்சி, பசங்கதானே" என்பார் டிரைவர் அண்ணன். "என்னைக்கூட ஆமைன்னு கூப்பிடுறாங்க. நான் கோவிச்சுக்கிட்டேனா?"

"நீங்க அந்த வேகத்துலதானே ஓட்டுறீங்க அண்ணே."

"பார்த்தியா, நீயும் ஆரம்பிச்சுட்டே!"

டமால் என்று கூப்பிட்டதை அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். உடம்பைப் பற்றி அவள் கேட்காத பேச்சு இல்லை. நெஞ்சில் முள்ளாகக் குத்தியது வேறொன்று. அவளுடைய ஒரே மகள் குட்டி, மூன்றாம் வகுப்பு, அதே பஸ்ஸில்தான் வருகிறாள். நடுவில் உட்கார்ந்துகொண்டு "அம்மா, தண்ணி", "அம்மா, இவன் இடிக்கிறான்" என்று வழியெல்லாம் அம்மாவை ஏலம் விடுகிற பெண். பிள்ளைகள் அவளைக் 'குட்டி டமால்' என்று கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து, பஸ்ஸுக்குள் அந்த 'அம்மா' என்ற சத்தம் நின்றுபோனது. தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்துப் பிள்ளையிடம் வாங்கிக் குடித்தாள். ஒருநாள் எல்லாரும் கத்தும்போது ஆயாம்மா தற்செயலாகத் திரும்பினாள். குட்டியின் வாயும் அசைந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவளே சொல்லிவிட்டாள்: "பஸ்ல என்கிட்ட பேசாதம்மா. ப்ளீஸ்."

பெற்றவளுக்கு எப்படி இருக்கும்! அன்றைக்கு அடுப்பில் வைத்தது தீய்ந்துபோனது.

மறுநாள் பிள்ளைகள் வகுப்புக்குப் போனதும் நேராக நூலகத்துக்கு நடந்தாள். உள்ளே நூலக டீச்சர் பிய்ந்த அட்டைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்த டமால் புக்கை எடுத்துடுங்க. பிள்ளைங்க மனசு கெட்டுப்போகுது."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "உட்காருங்கம்மா. இதோ, இந்த அட்டையெல்லாம் ஏன் பிய்ஞ்சிருக்கு தெரியுமா? இதுக்குத்தான் பசங்க அடிச்சுக்கிறாங்க. நல்ல புக்குன்னு நாங்க வாங்கி வச்சதெல்லாம் புத்தம் புதுசா அப்படியே இருக்கு."

"அடிச்சுக்கிட்டா அது நல்லதா மேடம்?"

"உங்க பொண்ணு போன வருஷம் ஒரு வரி படிக்க எவ்வளவு அழுதா? இப்ப மூணாவது புக்குல இருக்கா. அதையும் யோசிங்க."

உண்மைதானே? பாடப் புத்தகத்தைப் பிரித்தாலே கண்ணில் தண்ணீர் வைத்துக்கொள்கிற பெண் அது. ஆயாம்மாவும் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள், சொல்லிக்கொடுக்கவும் முடியவில்லை. 'எப்படியாவது இதுக்கு எழுத்தக் கூட்ட வை' என்று ஆண்டவனிடம் எத்தனை நாள் முறையிட்டிருக்கிறாள்! ஆண்டவன் கேட்டுக்கொண்டான். அதை இந்தப் புத்தகத்தின் வழியாகவா அனுப்பவேண்டும்?

"நீங்களே ஒருதரம் படிச்சுப் பாருங்களேன்" என்று டீச்சர் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

காலைக்கும் மாலைக்கும் நடுவில் பஸ் மரத்தடியில் நிற்கும். டிரைவர் அண்ணன் பின்சீட்டில் நீட்டிப் படுத்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்வார். ஆயாம்மா முன்சீட்டில் உட்கார்ந்து, வரிக்குக் கீழே விரலை வைத்து, உதடு அசைய வாசித்தாள்.

தலைமையாசிரியர் மேடையில் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு மணி நேரமாகப் பேசுகிறார். அவர் நாற்காலியில் ஒரு கோழி அதுபாட்டுக்கு முட்டை வைத்துவிட்டுப் போகிறது. "ஆகவே, எதையும் கவனித்துச் செய்யவேண்டும்!" என்று சொல்லிவிட்டு அவர் பொத்தென்று உட்காருகிறார்.

ஆயாம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பின்சீட்டில் துண்டு அசைந்தது.

"என்னம்மா, யாரு வந்தா?"

"யாரும் வரல அண்ணே. கோழி."

"பஸ்ஸுக்குள்ளயா!"

கெட்ட புத்தகம் என்று முடிவு கட்டித்தான் பிரித்தாள். இப்படி வயிறு வலிக்கவைத்தால் என்ன செய்வது? அவளுக்கு அவள்மேலேயே எரிச்சலாக வந்தது. பக்கத்தைப் புரட்டினாள். டமால் ஆயா வந்தாள். வாளி நிறையத் தண்ணீரோடு வந்தவள், பிள்ளைகள் கட்டிவைத்த கயிற்றில் தடுக்கி, படிக்கட்டில் உருண்டு, கீழே போய்க் கிடந்தாள். டமால்! பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதை முடிந்தது. அடுத்த கதையில் டமால் ஆயா துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

ஆயாம்மா விரலை எடுத்துவிட்டாள். திரும்ப முந்தின பக்கத்துக்குப் போனாள். கீழேதானே கிடந்தாள்? எப்போது எழுந்தாள்? யார் தூக்கிவிட்டது? அவ்வளவு படி உருண்டவள் சும்மாவா எழுந்திருப்பாள்? வெளிச்சத்தில் பிடித்து, பக்கம் இரண்டு ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் பிரித்துப் பார்த்தாள். ஒட்டவில்லை.

"மேடம், இதுல ஒரு பக்கம் கிழிஞ்சு போயிருக்கு" என்று நூலகத்தில் போய் நின்றாள்.

டீச்சர் புரட்டிப் பார்த்தார். "பக்க எண் சரியா இருக்கேம்மா."

"விழுந்தவள யாரு தூக்கினான்னு அதுல இல்லையே."

டீச்சர் முதலில் சிரித்தார், பிறகு மறுபடி புரட்டினார். "அதெல்லாம் எழுதமாட்டாங்கம்மா. விழுந்ததோட ஜோக் முடிஞ்சுது. தூக்குறதுல என்ன சிரிப்பு இருக்கு?"

ஆயாம்மா புத்தகத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். மரத்தடிவரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கோழியைக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைக்கத் தெரிந்த கெட்டிக்காரருக்கு ஒருத்தியைக் கைகொடுத்துத் தூக்கத் தெரியாதா? அதற்கு மட்டும் மை தீர்ந்துபோய்விட்டதா?

சாயங்காலம் குட்டி சமையலறை வாசலில் காலை நீட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தாள். தண்ணீர் மாதிரி ஓடியது வாசிப்பு. கேட்கக் கேட்கக் காது குளிர்ந்தது, அந்தப் படிக்கட்டு வரும்வரை.

"அப்புறம் யாருடி தூக்கினா?"

"யாரும் இல்ல. அது காமெடிம்மா."

"வலிக்காதா?"

"அவளுக்கெல்லாம் வலிக்காது. அவ டமால்."

ஆயாம்மா புத்தகத்தைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டாள். அதற்குத் தண்டனை யாருக்கு? மறுநாளும் அடுத்த நாளும் குட்டி எதையும் தொடவில்லை. பாடப் புத்தகத்தைக் கொடுத்தால் பழையபடி கண்ணில் குளம். கடைசியில் இவளே ஸ்டூல் போட்டு ஏறி, எடுத்துத் துடைத்து, அவள் மடியில் வைத்தாள். "படி. என்னத்தையோ படி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேண்டாம் என்றும் சொல்லமுடியவில்லை, வேண்டும் என்றும் சொல்லமுடியவில்லை. இப்படி ஒரு சங்கடம் பகையாளிக்கும் வரக்கூடாது.

அந்த வாரத்திலேயே அது நடந்தது. மாலையில் பஸ் வீடுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முன்சீட்டுக் குழந்தையின் பை நழுவுகிறதே என்று ஆயாம்மா இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து ஒரு நாய் குறுக்கே ஓட, டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதித்தார். அவள் முழங்கால் தரையில் மோத, சீட்டுகளுக்கு நடுவில் குப்புற விழுந்தாள்.

"டமாஆஆல்!"

கைதட்டல் வேறு. கண்ணில் பூச்சி பறந்தது. தரையிலிருந்து பார்த்தால் வரிசையாக ஷூக்கள் மட்டும் தெரிந்தன. நடுவில் ஒரு ஜோடி, காலையில் அவளே இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டிய லேஸ். அது அசைகிறதா என்று பார்த்தாள். அசையவில்லை. பிள்ளைகள் அடுத்த பக்கத்துக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சீட்டுக் கம்பியைப் பிடித்து, "ஆண்டவனே" என்று தானே எழுந்து, முதலில் தலைகளை எண்ணினாள். எல்லாம் சரியாக இருந்தது. குட்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் ஆயாம்மா எதுவும் கேட்கவில்லை. முழங்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது. எண்ணெய் தேய்க்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். குட்டி தூர நின்று பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல. நான்தான் டமாலாச்சே."

சொன்ன பிறகு, குழந்தையிடம் இப்படிப் பேசிவிட்டோமே என்று அதற்கும் ஒரு வேதனை. குட்டி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் பின்சீட்டில் உட்காருகிற மூக்குக்கண்ணாடிப் பையன் புது டமால் புத்தகத்தோடு ஏறினான். "ஏய் குட்டி டமால், நீதான் வேகமா படிப்பே. படி, எல்லாரும் கேட்கிறோம்." பிள்ளைகள் சீட்டுமேல் முட்டி போட்டுச் சுற்றிக்கொண்டார்கள். ஆயாம்மா முன்னால் கம்பியைப் பிடித்தபடி, காதை மட்டும் பின்னால் அனுப்பிவைத்தாள்.

குட்டி வாசித்தாள். டமால் ஆயா ஏணியில் ஏறினாள். ஏணி சறுக்கியது. டமால்! எல்லாரும் சிரித்தார்கள். குட்டி பக்கத்தைப் புரட்டவில்லை.

"அப்ப ஒரு பொண்ணு ஓடி வந்து, டமால் ஆயா கையைப் பிடிச்சு இழுத்தா. இழுத்தவ தானும் தொபுக்கடீர்னு விழுந்தா."

ஆயாம்மாவின் பிடி இறுகியது.

"தலைமையாசிரியர் வந்து அந்தப் பொண்ணை இழுத்தார். அவரும் விழுந்தார். எங்க விழுந்தார்?"

"எங்க? எங்க?"

"கோழி மேல."

பஸ்ஸே சிரிப்பில் குலுங்கியது. கண்ணாடிக்காரன் சிரித்துக்கொண்டே புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தான். "ஏய், புளுகு! இதுல அப்படிப் போடல."

"போடணும். விட்டுட்டாங்க."

"யாரு அந்தப் பொண்ணு? அவ புக்குலயே இல்லையே."

குட்டியின் முகம் சிவந்தது. குனிந்து ஷூ லேஸைப் பார்த்தாள்.

"குட்டி டமால்" என்றாள். "அவ பொண்ணு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரோ "அப்புறம்? கோழி என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார்கள். அதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. ஆயாம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைகளை எண்ணினாள். கணக்கு தப்பி, மறுபடி எண்ணினாள்.

அதற்காக எல்லாம் மாறிவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். டமால் என்ற பெயர் இன்றுவரை போகவில்லை. புத்தகங்கள் அதே வரிசையில்தான் இருக்கின்றன, அட்டைகள் பிய்ந்துகொண்டுதான் இருக்கின்றன. அன்று மாலையும் அதே வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கியது. வலிக்கிற காலோடு ஆயாம்மா ஆடினாள். "டமா...ல்!" என்று எல்லாக் குரலும் சேர்ந்து கத்தியது.

கத்தல் அடங்கும்போது நடுவிலிருந்து ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"அம்மா, கம்பியைப் பிடிச்சுக்கோ!"

"பிடிச்சுக்கிட்டுத்தான்டி இருக்கேன்" என்று எரிந்து விழுந்தாள் ஆயாம்மா.